ஹெர்டிஸ் கொடுத்த பந்து

ஹெர்டிஸ் தோர்கெல்சன் முப்பத்தேழு வயதுக்குள் ஜெயித்தவை இவை. கார் ஓட்டும் லைசென்ஸ். பிறவியிலேயே இடது கண்ணில் பாதிப் பார்வைதான் என்று டாக்டர் சான்று தர மறுத்தார். அவள் வேறு டாக்டரிடம் போகவில்லை, அதே டாக்டரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாண்ட்விக் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு வாங்கினாள். மீன் ஆலையில் கத்தி மேஜை. பெண்கள் பெட்டியில் அடுக்கத்தான், சதை பிரிப்பது ஆண்கள் வேலை என்று இருந்ததை மாற்றி அங்கே நின்ற முதல் பெண் அவள். மார்ச் மாதம் ஏரி உறைந்திருக்கும்போது நடக்கும் மீன்பிடிப் போட்டியில் ஐஸில் துளை போடுகிற மோட்டார், அதுவும் இரவல் தூண்டிலை வைத்துக்கொண்டு. விவாகரத்தில் நாய். கணவன் ரோட்னி வீட்டை எடுத்துக்கொண்டான், படகை எடுத்துக்கொண்டான், நாயை மட்டும் அவள் விடவில்லை. கடைசியாக, நான்காவது முயற்சியில், சாஃப்ட்பால் பேஸ் அம்பயர் என்று சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் நீலப் பட்டை.

இந்தப் பட்டியலை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், வரிசை மாறாமல் சொல்லக்கூடியவன் அவளுடைய அண்ணன் ஹால்டோர். ஊரில் அவனுக்குப் பெயர் டோரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் படகில் ஏறியவன். வலையில் ஒரு கண்ணி தளர்ந்திருந்தால் முழு வலையையும் கரையில் விரித்துப் போட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்காமல் தண்ணீரில் இறக்கமாட்டான். தங்கையின் வெற்றிகளையும் அப்படித்தான் வைத்திருந்தான். மெக்கானிக் கடையில், தபால் வரிசையில், முடிவெட்டுபவரின் நாற்காலியில், எங்கே பேச்சு ஹெர்டிஸ் பக்கம் திரும்பினாலும் லைசென்ஸில் தொடங்கி நீலப் பட்டையில் முடிப்பான்.

பட்டியலில் இல்லாதது ஒன்று இருந்தது. ஹோம் பிளேட்.

சாஃப்ட்பாலில் பந்தை அடித்தவர் மூன்று பேஸையும் சுற்றி ஓடி, அடித்த இடமான ஹோம் பிளேட்டை மிதித்தால் ஒரு ரன். பேஸ் அம்பயர் என்றால் மைதானத்தின் நடுவில் நின்று ஓடுகிறவன் அவுட்டா இல்லையா என்று சொன்னால் போதும். ஆட்டத்தை நடத்துகிறவர் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர். பந்து அவர் கொடுத்தால்தான் ஆட்டம், முடிவுச் சீட்டில் அவர் பெயர் எழுதினால்தான் முடிவு. அந்த இடத்துக்கு ஹெர்டிஸ் மூன்று கோடையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று முறையும் வட்டார அம்பயர்களின் தலைவர் வில்மர் வந்து, மடக்கு நாற்காலியை வேலியோரம் விரித்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே பார்த்துவிட்டு முடியாது என்று போனார். கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்லோ பிட்ச் ஆட்டத்தில் பந்து மெதுவாக மேலே ஏறி இறங்கும். பிளேட்டுக்குப் பின்னால் விரித்த ரப்பர் பாயில் விழுந்தால் ஸ்ட்ரைக், அதாவது நல்ல பந்து; விழாவிட்டால் இல்லை. அதைப் பார்க்க ஒரு கண் போதும் என்று ஹெர்டிஸ் சொன்னதை அவரும் ஒப்புக்கொண்டார். அவருடைய குறை வேறு. அவள் சொல்வதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறாள். பந்து விழுந்து, மண் அடங்கி, எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அவள் வாயிலிருந்து சொல் வருகிறது.

"தபால் ஆபீஸ்னா இது சரி," என்றார் போன வருடம். "பிளேட்டுல நிக்கறவங்க உடனே சொல்லணும்."

டோரிக்கு அது புதிதில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நல்ல கண்ணை மூடி ஒரு துணி ஒட்டி வைத்திருந்தார்கள், மற்ற கண்ணுக்குப் பலம் வரட்டும் என்று. பலம் வரவில்லை. எதையும் இரண்டு தரம் பார்க்கிற வழக்கம் மட்டும் வந்தது. படகில் அப்பா, மிதவை எந்தப் பக்கம் என்று கத்துவார். அவள் பார்ப்பாள், திரும்பவும் பார்ப்பாள், அதற்குள் டோரி இடது, வலது என்று சொல்லி முடித்திருப்பான். எல்லா வகுப்பும் ஒரே அறையில் நடந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாலும் அப்படித்தான். யாரும் அவளைத் திட்டுவதற்கு முன்னால் பதில் தன் வாயிலிருந்து போய்விட வேண்டும் என்று ஒரு பதற்றம் அவனுக்கு அப்போதே ஒட்டிக்கொண்டது. நாற்பத்து நான்கு வயதிலும் அது போகவில்லை.

அவளும் முன்பு ஆடிக்கொண்டிருந்தவள்தான். இடது பக்கமிருந்து வந்த பந்து ஒன்று கன்னத்து எலும்பை உடைத்த பிறகு மட்டையை வைத்துவிட்டாள். அடுத்த கோடையில் அம்பயர் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். ரோட்னி அப்போது கூடத்தான் இருந்தான். பாதிக் கண்ணோடு அம்பயரா, ஊர் சிரிக்கப்போகிறது என்றான். ஊர் சிரித்தது உண்மை. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டுகிற நாய் ஒன்று உனக்குப் பிடித்துத் தரட்டுமா என்று பீர்க் கூடாரத்திலிருந்து கேட்பார்கள். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பந்தைப் பார்ப்பாள். டோரிக்குத்தான் இரவு தூக்கம் வராது.

அந்த வருடம் ஆகஸ்டில் ஏரிக்கரைப் போட்டியின் கடைசி ஆட்டம் சாண்ட்விக்குக்கும் டுப்னோவுக்கும். சாண்ட்விக் மீன்காரர் ஊர், டுப்னோ உள்ளே தள்ளி இருக்கிற கோதுமை ஊர். கோப்பை என்பது பாடம் செய்த ஒரு பிக்கரல் மீன், வாயில் ஒரு பந்து. ஏரியே இல்லாத டுப்னோவில் அந்த மீன் வருடக்கணக்காக மாட்டியிருப்பதைச் சாண்ட்விக்காரர்களால் பொறுக்க முடியவில்லை.

அரையிறுதியில், ஓரமாகத் தெறித்த பந்து ஒன்று பிளேட் அம்பயரின் தோள்பட்டையில் பட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்த அம்பயர் ஹெர்டிஸ் ஒருத்திதான். அவளுடைய அண்ணன் சாண்ட்விக் அணியில் ஆடுகிறான். வில்மர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, இவளை வைத்து ஆடுகிறீர்களா, இல்லை கோப்பையைப் பாதியாக வெட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். சாண்ட்விக் கேப்டன் கியார்டன், குளிர்காலத்தில் ஏரி ஐஸ் மேல் லாரி ஓட்டுகிறவன், தோளைக் குலுக்கிச் சரி என்றான். டுப்னோ கேப்டன் மாருஸ்யா டுபிக் தானிய லாரி ஓட்டுகிறவள், ஐம்பது தாண்டியவள், அவர்களுக்குப் பந்து வீசுகிற பிட்சரும் அவளே. அவள் டோரியைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னடா டோரி, உன் தங்கச்சியா நிக்கறா? அப்ப நாங்க இப்பவே பீர் குடிக்கப் போயிடலாமே."

பிறகு ஹெர்டிஸிடம் திரும்பி, நில்லு தாயே, எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு, நான் பார்த்துக்கறேன் என்றாள்.

வில்மர் ஹெர்டிஸைத் தனியாக அழைத்துச் சொன்னது டோரி காதிலும் விழுந்தது. இதைத் தேர்வாக வைத்துக்கொள்கிறேன். ஒழுங்காகப் போனால் பார்க்கலாம். தப்புப் போனால் அடுத்த வருடம் நீ என்னைக் கேட்க வேண்டாம், நானும் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். முடிவுச் சீட்டில் நானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன், நீ பந்தைப் பார் என்றார். அவள் தலையாட்டினாள். இடுப்பில் பந்துப் பையைக் கட்டும்போது கொக்கி இரண்டு தரம் நழுவியது. டோரி எழுந்துபோய் மாட்டிவிடலாமா என்று பார்த்தான். அம்பயருக்கு ஆட்டக்காரன் பை கட்டிவிட்டால் நன்றாக இருக்காது என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற ஆட்டத்தில் அந்தப் பைதான் முக்கியம். ஆண் அடிக்க வந்தால் பெரிய பந்து, சுற்றளவு பன்னிரண்டு அங்குலம். பெண் வந்தால் சின்னப் பந்து, பதினொன்று. சின்னது லேசு, சரியாகப் பட்டால் பறந்துவிடும்; ஆணிடம் அதைக் கொடுத்தால் வேலியைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆணும் பெண்ணும் மாறி மாறி வருவதால், ஒவ்வொருவர் முறை முடிந்ததும் அம்பயர் ஒரு பந்தை வாங்கிப் பையில் போட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும். யாராவது தப்பான பந்தில் அடித்துவிட்டால், அடுத்த பந்து வீசுவதற்கு முன்னால், இல்லையென்றால் களம் கலைவதற்கு முன்னால், எதிர் அணிக் கேப்டன் கேட்கலாம். கேட்டால் அந்த அடியை வைத்துக்கொள்வதா, திரும்பப் போடுவதா என்பது அவர் இஷ்டம். கேட்காவிட்டால் போனது போனதுதான்.

முதல் ஆறு இன்னிங்ஸும் ஹெர்டிஸ் நன்றாகவே நின்றாள். வாங்கினாள், போட்டாள், கொடுத்தாள். சொல்வதில் தாமதம் இருக்கத்தான் இருந்தது. பந்து பாயில் விழுந்ததும் டோரியின் நாக்கு நுனியில் ஸ்ட்ரைக் என்ற சொல் வந்து நிற்கும். அவள் சொல்லும் வரை அவன் மூச்சு விடமாட்டான். ஒரு தரம் வில்மர் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பதைக் கவனித்தான். அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அந்த மடக்கு நாற்காலியைப் பார்த்ததுதான் அதிகம். இடது பக்கம் அவன் தடுக்க வேண்டிய பந்து ஒன்று காலடியிலேயே உருண்டு போனது.

கடைசி இன்னிங்ஸ். டுப்னோ பதினான்கு, சாண்ட்விக் பன்னிரண்டு. சாண்ட்விக்கில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் மீன் மறுபடியும் டுப்னோவுக்கு. அடிக்க வந்தவன் கியார்டன். ஏரிக் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் மாருஸ்யா போட்ட பந்துகள் பாயைத் தாண்டி விழுந்தன. நான்கு பந்து தவறியதும் கியார்டன் மட்டையை வீசிவிட்டு நடந்தான். ஆணுக்கு அப்படித் தவறினால் இரண்டு பேஸ். அதோடு இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தால் அடுத்து வரும் பெண் அடிக்கலாம், அல்லது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போய்விடலாம். ஆணைத் தந்திரமாக நடக்க விட்டுவிட்டுப் பின்னால் வரும் பெண்ணை அவுட் ஆக்கிக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு வைத்த விதி.

அடுத்து வந்தவள் ருனா. அடிக்கத்தான் வந்தாள். ஹெர்டிஸ் பெரிய பந்தை வாங்கிக்கொண்டு சின்னதை மாருஸ்யாவிடம் கொடுத்தாள். அதற்குள் சாண்ட்விக் பெஞ்சு முழுக்க, நடந்துடு ருனா, நடந்துடு என்று கத்தியது. ருனா மட்டையை இரண்டு தரம் சுழற்றினாள், பெஞ்சைப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள், மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தாள். மாருஸ்யா பிளேட் வரை வந்து, மட்டையைச் சுத்தின பிறகு நடக்க முடியுமா, எந்த ஊர் சட்டம் என்று சண்டை பிடித்தாள். ஒரு பந்துகூட வீசாத வரை முடியும் என்று ஹெர்டிஸ் நிதானமாகச் சொன்னாள், பிறகு இன்னொரு தரமும் சொன்னாள். மாருஸ்யா முனகிக்கொண்டே திரும்பிப் போனாள்.

அடிக்க வந்தான் டோரி. இரண்டாவது பேஸில் கியார்டன், முதலில் ருனா. தான் ஒன்றும் பெரிய அடிக்காரனில்லை என்பது அவனுக்கே தெரியும். பிளேட் அருகே காலைப் பதிக்கும்போது தங்கையின் மூச்சுச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு அவுட், அதற்குள் எதுவும் ஆகிவிடக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தான். தன் அணி ஜெயிக்க வேண்டும் என்பது அவன் நினைப்பில் இல்லை.

பந்து ஏறியது, இறங்கியது. அவன் சுழற்றினான்.

கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெரிய பந்தைச் சரியாக அடித்தால் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஒரு கனம் ஏறும். இருபது வருடமாக அந்தக் கனம் அவனுக்குப் பழக்கம். இது வெண்ணெயில் கத்தி போனதுபோல் போனது. பந்து இடது பக்க வேலியைத் தாண்டியது, வேலியோரம் நிறுத்தியிருந்த லாரிகளைத் தாண்டியது, நாணலுக்கு அப்பால் ஏரியில் விழுந்தது. லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. மூன்று ரன். பதினைந்துக்குப் பதினான்கு. சாண்ட்விக் பெஞ்சு மைதானத்துக்குள் கொட்டியது.

டோரி ஓடத் தொடங்கினான். முதல் பேஸ் வருவதற்குள்ளேயே ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாற்பத்து நான்கு வயதில் அவன் ஒரு பந்தையும் ஏரி வரை அடித்ததில்லை. இருபத்து நான்கிலும் அடித்ததில்லை. ருனா அடிக்காமல் நடந்தாள். சின்னப் பந்து அவளுக்காக மாருஸ்யாவிடம் போனது. அதை யாரும் வீசவில்லை. அதற்குப் பிறகு ஹெர்டிஸ் பந்து மாற்றினாளா? சண்டை நடந்தது ஞாபகம் இருந்தது. மாற்றியது ஞாபகம் வரவில்லை. வீசாத பந்து அவள் கணக்கில் விழாமல் போயிருக்கிறது.

இரண்டாவது பேஸைத் தாண்டும்போது மாருஸ்யாவைப் பார்த்தான். பந்து போன திசையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிளேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லை. முகத்தில் ஒரு சிரிப்பு. அப்போது டோரிக்கு முழுதும் விளங்கிவிட்டது. பிட்சருக்கு ஒரு அங்குலம் தெரியாமல் இருக்காது. கையில் வாங்கியபோதே அவளுக்குத் தெரியும். அவன் அவுட் ஆகியிருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டாள். அடித்துவிட்டான், இப்போது கேட்க வருகிறாள். களம் பார்க்க, வில்மர் பார்க்க, தங்கச்சி அண்ணனுக்குச் சின்னப் பந்து கொடுத்தாள் என்று அவள் சொல்லப்போகிறாள். அது ஒரு தரம் சொல்லப்பட்டுவிட்டால் பிறகு ஹெர்டிஸ் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொண்ட பிறகு சொன்னதாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பேஸ். ஹெர்டிஸ் பிளேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது கை இடுப்புப் பைக்குள் போனது. போன கை அங்கேயே நின்றது. அவள் குனிந்து பைக்குள் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

சொல்லு, என்று அவன் உள்ளே கத்தினான். இன்னொரு தரம் பார்க்காதே. மாருஸ்யாவுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் நாலைந்து எட்டுதான் மிச்சம். அவன் வாய் திறந்தேவிட்டது. படகில் இடது, வலது என்று கத்தியதுபோல் இப்போதும் ஒரு சொல் கத்தினால் போதும். ஆனால் அடித்தவன் அம்பயருக்குச் சைகை காட்டினால், அண்ணனும் தங்கையும் பேசிவைத்துக்கொண்டு ஆடினார்கள் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். வாயை மூடினான். கால் தானாக மெதுவானது. பிளேட்டை மிதிக்காமல் விட்டுவிட்டால்? அடி செல்லாது, அவன் அவுட், ஆட்டம் தோல்வி. பந்தைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லை. கியார்டன் அவனைக் கொன்றுபோடுவான், போடட்டும். பிளேட்டுக்கு ஓரடி முன்னால் நின்றேவிட்டான். அவனைச் சுற்றி முதுகில் தட்டிக்கொண்டு எல்லாரும், மிதி டோரி, மிதிடா, என்னடா ஆச்சு உனக்கு என்றார்கள்.

ஹெர்டிஸ் கையைத் தூக்கினாள்.

"டைம். ரெண்டு கேப்டனும் வாங்க." கையை இறக்காமலே தொடர்ந்தாள். "இப்ப அடிச்சது சின்னப் பந்து. அடிச்சவர் ஆம்பளை. கொடுத்தது நான். தப்பு என்னோடது." பையிலிருந்து பெரிய பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "மாருஸ்யா, நீ சொல்லணும். இந்த அடியை ஏத்துக்கறியா, திரும்பப் போடணுமா?"

மாருஸ்யா பிளேட்டுக்கு ஓர் எட்டு தூரத்தில், சொல்ல வந்ததை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

கியார்டன் பாய்ந்து வந்தான். "அவ கேக்கவே இல்லையே. கேக்காம நீ எதுக்கு வாயைத் தொறந்த?"

"பை என் இடுப்புல இருக்கு," என்றாள் ஹெர்டிஸ்.

திரும்பப் போடணும் என்று மாருஸ்யா சொன்னாள். வேறென்ன சொல்வாள். கியார்டன் இரண்டாவது பேஸுக்கும் ருனா முதல் பேஸுக்கும் திரும்பிப் போனார்கள். லாரிகள் மறுபடியும் ஹாரன் அடித்தன, இந்தத் தடவை நீளமாக, கோபமாக. பாதிக் கண்ணி, டுப்னோக்காரி எவ்வளவு கொடுத்தா என்று பீர்க் கூடாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஹெர்டிஸ் புதுச் சின்னப் பந்து ஒன்றைப் பெட்டியிலிருந்து வரவழைத்தாள். ஒரு கையில் பெரியது, ஒரு கையில் சின்னது, இரண்டையும் எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். பெரியதை மாருஸ்யாவிடம் கொடுத்தாள். பிறகு அண்ணனைப் பார்க்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

இதை அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று டோரிக்குத் தோன்றியது. தங்கை சொன்னதும் நிற்கும், ஊருக்கு மீனும் வரும். அவ்வளவு ஆசையோடு அவன் எந்தப் பந்தையும் அடித்ததில்லை. நன்றாகவே அடித்தான். கனம் முழங்கை வரை ஏறியது. பந்து உயர உயரப் போனது, ஏரிக் காற்று அதை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் பின்னால் தள்ளியது. வேலியில் முதுகு சாய்த்து நின்ற டுப்னோப் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவுட் என்று ஹெர்டிஸ் சொன்னாள். அதற்கு மட்டும் தாமதமே இல்லை.

டுப்னோ பெஞ்சு ஆடிப் பாடிக்கொண்டு மீனைத் தூக்கிப் போனது. சாண்ட்விக் பெஞ்சில் மட்டைகளைப் பைகளில் திணித்துக் கட்டினார்கள். பொரித்த பிக்கரல் விற்றுக்கொண்டிருந்த பெண்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டார்கள். கியார்டன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டோரியைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

"கிறிஸ்துமஸுக்கு உன் தங்கச்சிக்கு நல்ல கண்ணாடி ஒண்ணு வாங்கிக் குடு."

"அவகிட்ட ஏற்கனவே ரெண்டு கண்ணாடி இருக்கு," என்றான் டோரி. கியார்டன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போனான்.

வேலியோரம் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மேஜை. அதன்மேல் முடிவுச் சீட்டு, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல். வில்மர் மடக்கு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெர்டிஸ் எதிரே நின்றாள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. டோரி பத்தடி தள்ளிக் கட்டிமுடித்த மட்டைப் பையை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.

மாருஸ்யா மீன் கொண்டாட்டத்திலிருந்து பிரிந்து மேஜைக்கு வந்தாள். நான் கேக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன் வில்மர், கையில வாங்கினப்பவே தெரியும், அதையும் எழுதிக்கோ என்றாள்.

"நீ வந்துக்கிட்டிருந்த," என்றார் வில்மர். "அவ சொல்லிட்டா. அதுதான் நான் பார்த்தது."

மாருஸ்யா ஹெர்டிஸை மேலும் கீழும் பார்த்தாள். நீ ஒரு நொடி பொறுத்திருந்தா உன்னையும் உங்க அண்ணனையும் இந்த மைதானத்துலயே உரிச்சிருப்பேன், தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் ஹெர்டிஸ். மாருஸ்யா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். தட்டியது பாராட்டா இல்லையா என்று டோரியால் தீர்மானிக்க முடியவில்லை.

வில்மர் சீட்டை எடுத்தார். பேனாவை எடுத்தார். பையிலிருந்து நாலு விதையை எடுத்து வாயில் போட்டு, தோலைத் துப்பிவிட்டுத்தான் பேசினார். ருனா நடந்தபோது பந்தை மாற்றாதது ஒரு தப்பு. கடைசி ஆட்டத்தின் கடைசி அடியில் அந்தத் தப்பைச் செய்தது சின்ன விஷயமில்லை. கேப்டன் கேட்காமல் தானே கூப்பிட்டுச் சொன்னது இரண்டாவது தப்பு. கேட்க வேண்டியது கேப்டன் என்றுதான் விதியில் இருக்கிறது. இரண்டையும் மாநிலச் சங்கத்துக்கு எழுதியாக வேண்டும். அடுத்த கோடையைப் பற்றி வசந்தத்தில்தான் சொல்ல முடியும், என்ன சொல்வேன் என்று எனக்கே இப்போது தெரியாது.

ஹெர்டிஸ் தலையாட்டினாள். தொப்பி அவள் கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. டோரியின் விரல்கள் பைக் கயிற்றில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போயின. பட்டியலில் இனி ஹோம் பிளேட் வராது என்று நினைத்தான். வராவிட்டால் என்ன, அந்தக் கை உயர்ந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். அதை என்ன பெயர் சொல்லிச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

வில்மர் பேனா முனையைச் சீட்டில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். சீட்டை மேஜைமேல் திருப்பி, எழுத வேண்டிய கோடு அவள் பக்கம் வரும்படி வைத்தார்.

"என்ன இது?" என்று கேட்டாள் ஹெர்டிஸ்.

"ஆட்டத்தை நடத்தினது நீ. நான் நாற்காலியில உக்காந்து விதை தின்னேன். பதினாலு பன்னெண்டுன்னு நான் எதை வச்சு எழுதறது?" பேனாவை நீட்டினார். "போடு. காத்து வேற அடிக்குது."

அவள் பேனாவை வாங்கினாள். கோட்டைப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தரம் பார்த்தாள். வில்மர் அவசரப்படுத்தவில்லை. டோரியும் இந்தத் தடவை எந்தச் சொல்லையும் நாக்கில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. பிளேட் அம்பயர் என்று அச்சடித்த இடத்துக்கு மேலே ஹெர்டிஸ் தோர்கெல்சன் என்று முழுப் பெயரும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்: 2003 ஆகஸ்ட் 17.